முன்சக்கரத்துக்கு மேலே ஒரு மட்டிக்குலை

வடசேரியில் நான் வழக்கமாகக் காற்றடிக்கும் சைக்கிள் கடைக்குப் போன ஆனி மாதம் ஒரு பையன் வந்தான். தோவாளைப் பக்கம் ஊர். தோட்டத்தில் வெட்டும் மட்டி வாழைக்குலையையும், சில நாள் பூக்கூடையையும் நாகர்கோவிலுக்குக் கொண்டுவர முன்பக்கம் ஒரு கேரியர் வேண்டும் என்றான். அவனுடையது டிஸ்க் பிரேக் வைத்த புதுச் சைக்கிள். தாத்தாவின் பழைய வண்டியில் இருந்த முன்கேரியரைக் கழற்றிக் கையோடு எடுத்து வந்திருந்தான்.

கடைக்காரர் வைத்துப் பார்த்தார். வலது கால் ஒழுங்காக உட்கார்ந்தது. இடது கால் உட்காரவில்லை.

"கம்பி போய் பிரேக்குல முட்டுது மக்களே. இதுக்கு அது ஆகாது பாத்துக்கோ."

"கம்பிய வெளிய வளச்சு, வீல் நட்டோட சேத்து முறுக்கிரலாமா அண்ணாச்சி? தாத்தா வண்டியில அப்படித்தான இருந்துது?"

"தாத்தா வண்டியில அங்க பிரேக்கு இல்லல்லா."

இடது பக்கம் இடமில்லை என்பது யார் கண்ணுக்கும் தெரியும். கம்பியை வளைத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் கடைக்காரர் மறுத்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாதது, உயிரோடு தொடர்புடையது. பிரேக் இருக்கும் இடம் மாறியபோது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டின் வேலையும் மாறிவிட்டது. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

தாத்தா வண்டியிலிருந்தே தொடங்கலாம். 1949ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆகட்டும், ஹீரோ, அட்லஸ் ஆகட்டும், அந்தக் கறுப்புச் சைக்கிள்களின் முன்புறம் ஏறத்தாழ ஒரே அமைப்புதான். ஹேண்டில்பாரிலிருந்து கீழே வந்து இரண்டு காலாகப் பிரியும் பாகத்தைக் கடைகளில் போர்க் என்பார்கள். தமிழில் கவை என்று சொல்லிக்கொள்வோம். கிளை பிரியும் கம்பைக் கவைக்கம்பு என்கிறோமே, அந்தக் கவை. அதன் இரண்டு கால்களின் நுனியிலும் கீழ்நோக்கித் திறந்த ஒரு பிளவு உண்டு. சக்கரத்தின் அச்சு கீழிருந்து அந்தப் பிளவுக்குள் ஏறி உட்காரும். பிளவை அச்சுவாய் என்போம். பிரேக்கைப் பிடித்தால் கம்பிகள் மேலே இழுபட்டு, ரப்பர்க் கட்டைகள் ரிம்மை அழுத்தும். ரிம் என்பது சக்கரத்தின் ஓரம். பிடிப்பு ஓரத்தில் இருந்ததால் அச்சுவாய்க்கு அதில் பெரிய பங்கில்லை. அச்சுவாய் பாரத்தைச் சுமந்தது, அவ்வளவுதான். அந்தப் பாரமும் அச்சை வாய்க்குள்ளேயே அழுத்தி வைத்தது. நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தால்கூடச் சக்கரம் அவ்வளவு எளிதில் விழாது. அதனால்தான் முன்கேரியரின் காலையும், பெண்கள் சைக்கிளின் முன்கூடையைத் தாங்கும் கம்பியையும் அந்த நட்டிலேயே மாட்டி முறுக்கும் பழக்கம் வந்தது. பல தலைமுறை அப்படியே ஓட்டியது, தவறொன்றும் இல்லை.

அந்தப் பிரேக்குக்கு ஒரே பகை மழை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. நனைந்த குரோமிய ரிம்மில் ரப்பர்க் கட்டை வழுக்கிக்கொண்டே போவதைத் தக்கலை இறக்கத்திலோ மார்த்தாண்டம் இறக்கத்திலோ அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டிஸ்க் பிரேக் அதற்கு மருந்தாக வந்தது. 1902லேயே இங்கிலாந்தில் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் மோட்டார் வண்டிக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளில் அது பரவலாக ஏறியது 1990களின் கடைசியில்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அதன் தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கவையின் இடது காலில், அடியில், பின்பக்கமாகப் பொருத்திய ஒரு கவ்வி அந்தத் தகட்டை இரு புறமும் இறுக்கும். தகடு சாலைத் தண்ணீரிலிருந்து தள்ளி உயரத்தில் இருக்கிறது, கவ்வியின் அழுத்தமோ மிக அதிகம். மழையிலும் பிடிக்கிறது.

இனி விசைக்கு வருவோம். ஆடிக்காற்றில் அடித்துக்கொள்ளும் கதவை நிறுத்தப் பாருங்கள். விளிம்பைப் பிடித்தால் இரண்டு விரல் போதும். கீலுக்குப் பக்கத்தில் கை வைத்தால் உடம்பையே கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். கதவோடு கீலும் முனகும். ரிம் பிரேக் கதவின் விளிம்பைப் பிடிப்பது. டிஸ்க் பிரேக் கீலுக்குப் பக்கத்தில் பிடிப்பது.

எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் போடலாம். சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டில் கவ்வி பிடிக்கும் இடம் அச்சிலிருந்து ஏழரை சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். விகிதம் நாலரை. ஆள், வண்டி, குலை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். குறுக்கே ஆடு ஓட, அழுத்திப் பிடித்த பிரேக்கில் சாலை முன்சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும் விசை 50 கிலோ எடைக்குச் சமமாக இருக்கலாம். அப்படியானால் தகட்டில் கவ்வி கொடுக்கும் விசை 225 கிலோ எடைக்குச் சமம். ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. நாலரை மூட்டையின் பாரம் அந்தச் சின்ன இடத்தில்.

இந்தப் பாரம் எந்தப் பக்கம் தள்ளுகிறது? கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அது சுழலும்போது ஒரு பக்கக் கயிறு இறங்கும், மறுபக்கக் கயிறு ஏறும். சக்கரமும் அப்படித்தான். சைக்கிள் முன்னே போகையில் சக்கரத்தின் முன்பாதி இறங்குகிறது, பின்பாதி ஏறுகிறது. கவ்வி இருப்பது பின்பாதியில். ஏறும் தகட்டைக் கவ்வி பிடித்து நிறுத்துகிறது என்றால், தகட்டைக் கீழே தள்ளுகிறது என்று பொருள். தகடு சக்கரத்தோடு பிணைந்தது. ஆக, ஒவ்வொரு முறை முன்பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் முழுவதையும் ஒரு பெரிய விசை கீழ்நோக்கித் தள்ளுகிறது. அச்சுவாய் திறந்திருப்பதும் கீழ்நோக்கியே.

முன்சக்கரத்தின் மேல் உட்காரும் பாரம் இதை ஓரளவு சரிக்கட்டும். கழித்துப் பார்த்தாலும், நாம் சொன்ன கணக்கில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசை மிஞ்சுகிறது. அதைத் தாங்கி நிற்பது அச்சு நட்டின் இறுக்கம் மட்டுமே. தாத்தா வண்டியில் துணைக்கு இருந்த பாகம், பேரன் வண்டியில் தனியாளாகக் காவல் நிற்கிறது.

இதை ஊரறியச் சொன்னவர் ஜேம்ஸ் ஆனன். காலநிலை ஆய்வாளர், சைக்கிள் பித்தர். 2003ல் அவர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு, நெம்புகோலைத் திருப்பித் திறக்கும் விரைவுப் பூட்டு வைத்த முன்சக்கரங்கள் பிரேக் விசையால் நழுவக்கூடும் என்று எச்சரித்தார். பலத்த வாக்குவாதம் எழுந்தது. பள்ளி இயற்பியலைத் தாண்டிய எதுவும் அவர் வாதத்தில் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. டிஸ்க் பிரேக் வைத்த எல்லா வண்டியும் எல்லோர் கண்முன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விசை எந்தத் திசையில் போகிறது என்று வரைந்து பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. இன்று நல்ல டிஸ்க் சைக்கிள்களில் அச்சுவாய் பிளவாக இல்லாமல் முழுத் துளையாகவே வருகிறது. 12 அல்லது 15 மில்லிமீட்டர் தடித்த அச்சு அதற்குள் ஊடுருவி, மறுகாலில் மரையேறுகிறது. ஊடச்சு என்று அதைச் சொல்லலாம். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கூர்ந்து பாருங்கள், அங்கேயும் அச்சு ஒரு துளைக்குள் சிறைப்பட்டிருக்கும்.

நம் ஊரில் பத்து, பதினைந்தாயிரத்துக்குள் வாங்கும் டிஸ்க் சைக்கிள்களில் பெரும்பாலும் பழைய பிளவும் நட்டும்தான், அல்லது பிளவும் விரைவுப் பூட்டும். அச்சுவாயைச் சுற்றி ஒரு சிறிய வரம்பு எழுப்பியிருப்பார்கள். வயல் வரப்பு தண்ணீரைத் தடுப்பது போல, நட்டு தளர்ந்தாலும் அந்த வரம்பு அச்சை வழுக்கி விழாமல் தடுக்கும். கேரியரின் தகட்டுக்காலை நட்டுக்கும் கவைக்கும் நடுவே செருகினால் என்ன ஆகும்? நட்டு வரம்புக்குள் உட்காராமல் தகட்டின் மேல் ஏறி நிற்கும். வரப்பு இருந்தும் பயனில்லை. நட்டு பிடிக்கும் மரைகளின் எண்ணிக்கை குறையும். தகட்டின் மேல் உள்ள பெயிண்டு நாளடைவில் நசுங்க, இறுக்கம் தானாகவே இளகும். போதாததற்குக் குலையின் ஆட்டம் முழுவதும் அதே நட்டை அசைத்துக்கொண்டிருக்கும். பையன் கேட்டதைக் கடைக்காரர் மறுத்தது இதனால்தான். அதே காரணத்துக்காகக் கவ்வியைக் கவையோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளிலும் கேரியரை மாட்டக் கூடாது. நாலரை மூட்டை சிமெண்டைத் தாங்குவது அந்த இரண்டும்தான்.

தகட்டுக்குப் பக்கத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2015 ஏப்ரலில் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. விரைவுப் பூட்டின் கைப்பிடி அளவுக்கு மேல் திறந்து பிரேக் தகட்டுக்குள் சிக்கும் வாய்ப்பு இருந்தது. அப்படிச் சிக்கியதில் ஒருவருக்குக் கைகால் செயலிழந்தே போனது. அதே ஆண்டு செப்டம்பரில் இன்னும் 13 நிறுவனங்கள் 13 லட்சம் சைக்கிள்களை அழைத்தன. ஒரு சின்னக் கைப்பிடி செய்ததை, பூமூட்டையைக் கட்டிய கயிற்றின் வால் நுனியும் செய்யும்.

சரி, கேரியரை எங்கேதான் மாட்டுவது? விடை சொல்வதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. முன்பக்கம் சுமை வைப்பதே சரிதானா?

சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை, சுழலும் சக்கரம் பம்பரம் போலத் தன் நிலையைக் காத்துக்கொள்கிறது என்பது. 1970ல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் அதைச் சோதித்தார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை அழித்தார். அந்த வண்டியையும் ஓட்ட முடிந்தது. 2011ல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் ஐவர் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் இன்னும் ஒரு படி போனார்கள். பம்பர விளைவும் இல்லாமல், சக்கரத்தின் பின்னிழுப்பும் இல்லாமல், ஆளே ஏறாமல் தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு விசித்திர வண்டியைச் செய்து காட்டினார்கள். அதன் மர்மங்களில் ஒன்று எடை இருக்கும் இடம். முன்பாகத்தின் எடை, ஹேண்டில் திரும்பும் அச்சுக்கு முன்னாலும் தாழ்வாகவும் இருந்தது. வண்டி சாய்ந்தால் தாழ்ந்த எடை வேகமாக விழும். விழும் பக்கமே சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் அந்தப் பக்கம் உருண்டு வண்டியைத் தாங்கிக்கொள்ளும். குட்டையான குச்சி நெட்டைக் குச்சியைவிடச் சீக்கிரம் விழுவதைக் கையில் நிறுத்திப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே முன்சுமை சைக்கிளுக்குப் பகையில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து காஷ்மீருக்குப் புறப்படும் சைக்கிள் பயணிகளைப் பார்த்திருப்பீர்கள். பலர் முன்சக்கரத்தின் இரு புறமும் பை மாட்டியிருப்பார்கள். பையெல்லாம் அச்சின் உயரத்தில், தாழ்வாகத் தொங்கும். அதற்குக் காரணத்தை வீட்டில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களை வைத்தே உணரலாம். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடுப்பை இடமும் வலமுமாகத் திருப்புங்கள். பிறகு கைகளை விரித்துத் திருப்புங்கள். எடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது முறை திரும்பத் தொடங்குவதும் கடினம், நிறுத்துவதும் கடினம். திருப்பத்துக்கு எடை காட்டும் இந்தத் தயக்கத்தைப் பாடநூல்கள் நிலைமத் திருப்புத்திறன் என்கின்றன. தூரம் இரண்டு மடங்கானால் தயக்கம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஐந்து கிலோ குலையைத் திரும்பு அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வைப்பதற்கும் 10 சென்டிமீட்டரில் வைப்பதற்கும் ஒன்பது மடங்கு வேறுபாடு உண்டு. திரும்பு அச்சோ நேர்க்குத்தாக இல்லை. மேலே போகப்போகப் பின்னால் சாய்கிறது. சுமையை உயர்த்த உயர்த்த அது அச்சை விட்டு முன்னால் விலகும். ஹேண்டில்பாரில் மாட்டும் கூடையைவிட டயரை ஒட்டி உட்காரும் கேரியரை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

பூவுக்குக் கணக்கு வேறு. கூடை நிறையப் பிச்சிப்பூ எடையில் ஒன்றுமில்லை, ஆனால் அது ஒரு பாய்மரம். தோவாளைக்காரர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பற்றிச் சொல்வது கடலில் மீன்பிடிப்பவருக்கு அலையைச் சொல்வது போல. தென்மேற்குப் பருவத்தில் மலைகளின் இடுக்கில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும் அந்தக் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. பக்கக் காற்று கூடையில் மோதும்போது, கூடை திரும்பு அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், அது ஹேண்டிலையே காற்று போகும் திசைக்குத் திருப்பும். லாரி ஒன்று கடந்துபோகும் நொடியில் காற்று அறுந்து, மறுநொடி மீண்டும் அறையும். அதுதான் ஆபத்தான நேரம். அந்தச் சாலையில் பூக்கூடையைப் பின்கேரியருக்கு மாற்றிவிட்டுக் குலையை முன்னால் வைப்பது நல்லது. கனமானது முன்னால் தாழ்வாக, பரந்தது பின்னால். பையனோ இரண்டையும் முன்னால் வைக்க நினைத்திருந்தான்.

பொருத்துவதற்கு வருவோம். அவன் சைக்கிளில் நல்லவேளையாக ஸ்பிரிங் இல்லாத நேர்க்கவை. இரு கால்களின் அடியிலும், அச்சுவாய்க்குச் சற்று மேலே, மரையிட்ட சிறு துளை இருந்தது. கவை பிரியும் தோளிலும் ஒரு துளை. மூன்று துளை, முக்காலி போல மூன்று கால். இடது காலில் மட்டும் கம்பி கவ்வியை விட்டு விலக இரண்டு சென்டிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கென்றே வளைத்துச் செய்த கேரியர்களும் கிடைக்கின்றன. கடைக்காரர் தாத்தாவின் கேரியரையே எடுத்து, நட்டில் மாட்டும் அதன் நுனிகளை வெட்டிவிட்டு, இடது காலுக்கு ஒரு குழாய்த் துண்டை நடுவே வைத்து நீண்ட போல்ட்டால் பிணைத்தார்.

இந்தக் குழாய்த் துண்டு கவனிக்க வேண்டிய பொருள். சுவரை ஒட்டி அடித்த ஆணியில் சட்டையைத் தொங்கவிட்டால் ஆணிக்கு ஒன்றும் ஆகாது. அதே ஆணி நீண்டு நிற்க, நுனியில் தொங்கவிட்டால் வளையும். போல்ட்டும் அப்படியே. உடனே வளையாது, பள்ளத்துக்குப் பள்ளம் கொஞ்சம் வளைந்து நிமிரும். ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் கடைசியில் முறிகிறதல்லவா? உலோகச் சோர்வு என்பது அது. பிரான்சில் வெர்சாய் அருகே 1842ல் ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைப் பல ஆண்டுகள் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, ஒரே தடவையில் முறிக்கத் தேவையான பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமும் லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் எஃகை முறிக்கும் என்று நிறுவினார். நம் சாலைகளில் லட்சம் குலுக்கல் சேர அதிக நாள் வேண்டாம். அதனால் குழாய்த் துண்டு தடித்ததாக, இரு முகமும் தட்டையாக இருக்க வேண்டும். போல்ட்டை நன்றாக முறுக்கினால் கம்பி, குழாய், கவை மூன்றும் ஒரே துண்டைப் போல நடந்துகொள்ளும். போல்ட்டு வளைய இடமிருக்காது. துளை இடம்கொடுத்தால் 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பதில் 6 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரில் வளைவைத் தாங்கும் பலம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகிறது. கவையில் புதுத் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில்தான் நாளைக்கு விரிசல் தொடங்கும்.

போல்ட்டின் நீளம் அடுத்தது. இடது காலில் வெளியிலிருந்து ஏறும் போல்ட்டின் நுனி உள்பக்கம் எட்டிப் பார்த்தால், எதிரே சுழலும் தகட்டில் உரசும். கடைக்காரர் நுனியை அறுத்து, அரத்தால் தேய்த்து, சக்கரத்தைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பிரேக் கேபிள் எங்காவது நசுங்குகிறதா என்று பார்த்தார்.

ஸ்பிரிங் கவை வைத்தவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கவையின் கீழ்க்கால் மேல்காலின் மீது ஏறி இறங்கும். கேரியரின் ஒரு முனையைத் தோளிலும் மறுமுனையைக் கீழ்க்காலிலும் பூட்டினால் ஸ்பிரிங் அமுங்கும்போது ஏதாவது ஒன்று முறிய வேண்டியதுதான். எல்லா முனையும் கீழ்க்காலிலேயே, பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக் கிளாம்பு போட்டு நிற்க வேண்டும். பளபளக்கும் மேல்காலில் கிளாம்பு படவே கூடாது.

தகட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். தேங்காய் எண்ணெய்க் கையால் தொட்டாலும், மீன்பெட்டியின் ஐஸ் தண்ணீர் சொட்டினாலும், பிரேக் கட்டை அதை உறிஞ்சிக்கொண்டு பிடிப்பை இழக்கும். இறக்கத்துக்குப் பின் தகடு கையைச் சுடும் சூட்டில் இருக்கும் என்பதால் தொடாமல் இருப்பது இரட்டிப்பு நல்லது.

எல்லாம் முடிந்ததும் கடைக்காரர் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் கேரியர் வரைக்கும் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். சக்கரத்தின் நட்டிலிருந்து கவைக்கும் ஒன்று. "கோடு ரெண்டா முறிஞ்சிருந்தா போல்ட்டு எளகிட்டுன்னு அர்த்தம். காலைல எடுக்கும்போது ஒரு நோட்டம் பாத்துட்டு ஏறணும், கேட்டியா?"

ஒரு வாரம் கழித்துப் பையன் குலையோடு வந்து நின்றான். மூன்று கோடுகள் அப்படியே இருந்தன. வலது காலின் கோடு மட்டும் மயிரிழை விலகியிருந்தது. கடைக்காரர் ஸ்பானரை வைத்துக் கால் சுற்று முறுக்கினார். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக இழுத்தார்.